போடவா?

ஏவல் என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பில்லி, சூனியம் என்ற வரிசையில் மூன்றாவதாக வருகிற வார்த்தை அது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வெள்ளாத்துமுனை கடலோர வானொலி நிலையத்துக்கு அந்தப் பேசும் மென்பொருள் வந்து சேர்ந்த அன்று, நிலைய அதிகாரி ரொசாரியோ ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சர்வர் அலமாரியின் மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத மனிதர். "எதுக்கும் இருக்கட்டும்மா," என்றார் பூங்கோதையிடம்.

பூங்கோதை அந்த நிலையத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கடலுக்குப் போன விசைப்படகுகள் வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் அங்கே பதிவாகும். அந்தப் பதிவுகளைக் கட்டிக் காப்பது அவள் வேலை. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கறுப்புத் திரையில் கட்டளைகளைக் கையால்தான் தட்ட வேண்டும். ஓர் எழுத்து மாறினால் மெஷின் முறைக்கும். அழிக்கிற கட்டளை என்றால் கேட்கவே வேண்டாம். தட்டி முடித்தபின் திரையில் விரலை வைத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்டரைத் தொடுவாள். ரொசாரியோ சார் மாதாவை நினைத்துக்கொண்டு தொடுவார்.

ஏவல் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. நமக்கு என்ன வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும், அதைக் கட்டளையாக அதுவே எழுதிக்கொள்ளும். எழுதியதும் தடாலடியாகச் செய்துவிடாது. அந்தக் கட்டளை என்னவெல்லாம் செய்யப் போகிறது என்று செய்தி வாசிப்பவரின் தமிழில் உரக்கச் சொல்லும். சொல்லி முடித்துவிட்டு, "போடவா?" என்று கேட்கும். ஆபரேட்டர் தன் குரலில் "போடு" என்றால்தான் காரியம் நடக்கும்.

நல்ல ஏற்பாடுதான். முதல் மாதம் எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். இரண்டாவது மாதம், கல்யாண மண்டபத்தில் நன்றியுரை கேட்பதுபோலக் கேட்டார்கள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. அது வாயைத் திறந்ததும் "போடு" என்றார்கள். ஏவலும் பாவம், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னதைச் செய்தது. பூங்கோதைக்கு "போடு" என்பது தும்மல்போல ஆகிவிட்டது. வந்தது, போனது, நினைவில் நிற்பதில்லை.

அந்த நிலையத்தில் போகிப் பண்டிகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் பழைய பாயும் கிழிந்த துணியும் தெருவுக்குப் போகிற அன்று, நிலையத்தில் சர்வரும் சுத்தமாகும். வருடத்துக்கு ஒருமுறை வேண்டாத பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக் கட்டி இடம் பண்ணுவார்கள். ரொசாரியோ சார் தொடங்கி வைத்த வழக்கம் அது. "பழசு போனாத்தான் புதுசு வரும்," என்று ஒவ்வொரு வருடமும் தான் கண்டுபிடித்த தத்துவம்போலச் சொல்வார்.

இந்த வருடம் இடத்துக்கு நிஜமாகவே தட்டுப்பாடு. இரைச்சலைப் பிரித்துக் குரலை மட்டும் தெளிவாக எடுத்துத் தரும் புது மென்பொருள் ஒன்று வந்திருந்தது. அதைப் போட இடம் வேண்டும். வாசலில் கோலப்போட்டி நடந்துகொண்டிருந்தது. பூங்கோதை நடுவர். "மேடம், வாங்க, பொங்கல் ஆறுது," என்று யாரோ ஜன்னலைத் தட்டினார்கள்.

"ஏவல், ஆறு மாசமா யாரும் திறக்காத பதிவெல்லாம் அழிச்சிரு," என்றாள் பூங்கோதை, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டே.

"ஆறு மாதங்களாகத் திறக்கப்படாத ஒலிப்பதிவுகள் அனைத்தையும் நிரந்தரமாக நீக்கப் போகிறேன். இவற்றுள் ஒன்று, ஒவ்வோர் ஆண்டும்..."

"போடு, போடு," என்றாள். முதல் பரிசு மயில் கோலத்துக்குக் கொடுத்தாள்.

தை அமாவாசை நெருங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பாங்கில் வரிசையில் நின்றபோது, காலண்டரில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள். தணிகாசலம் ஐயா வருவாரே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் வரிசையை விட்டு விலகி, ஆட்டோ பிடித்து நிலையத்துக்கு ஓடினாள்.

தணிகாசலத்தின் மகன் இளவழகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கடைசியாக வயர்லெஸ்ஸில் அவன் பேசிய பேச்சு மட்டும் நிலையத்தில் இருந்தது. காற்று கூடிவிட்டது, வலையை ஏற்றிவிட்டோம், கரைக்குத் திரும்புகிறோம் என்று சொல்லுவான். அப்புறம் ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் இன்னும் ஏதோ சொல்லுவான். என்ன என்று யாருக்கும் புரிந்ததில்லை. விசாரணை முடிந்தபின் அந்தப் பதிவைக் கேட்க வருகிறவர் தணிகாசலம் ஒருவர்தான். அதுவும் வருடத்தில் ஒரே நாள். ஊரே செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற தை அமாவாசையன்று, அவர் மட்டும் எதுவும் விடாமல் இங்கே வருவார். "பொணத்தப் பாக்காம எப்படி விடறது தாயி," என்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே தடவை கேட்பார். "கடைசில என்னமோ சொல்றான் இல்ல?" என்பார். போய்விடுவார்.

போன வருடம் பூங்கோதைதான் வாக்குக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் இரைச்சலைப் பிரிக்கிற மெஷின் வருதுங்கய்யா. அவர் என்ன சொன்னார்னு கண்டிப்பா எடுத்துத் தரேன்." கிழவர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த மெஷினுக்கு இடம் பண்ணத்தான் அந்தக் குரலை அழித்திருக்கிறாள்.

எங்கும் இல்லை. மாற்றுப் பிரதியைத் தேடினாள். அதுவும் வாரத்துக்கு ஒருமுறை அசலைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஜாதி. அசலில் இல்லாததைத் தானும் நல்ல பிள்ளையாகத் துடைத்துவிட்டிருந்தது.

"ஏன் சொல்லல நீ?" என்றாள் ஏவலிடம். "வருஷத்துக்கு ஒருத்தர் வந்து கேக்கற பதிவு அது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் 'போடு' என்றீர்கள்."

"என்ன சொல்லிட்டிருந்தே?"

"இவற்றுள் ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் தை அமாவாசை நாளில் மட்டும் திறக்கப்படுகிறது. அதை விலக்கி வைக்கவா?"

குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. அது வானிலை அறிக்கை வாசிப்பதுபோல வாசித்தது. ஒரே ஒரு மூச்சு அளவு காத்திருந்தால் போதும், இளவழகன் இருந்திருப்பான் என்று பூங்கோதைக்குத் தோன்றியது. மனிதன் ஒருமுறை செத்தால் கடல்மேல் பழி. இரண்டாம் முறை அவனைக் கொன்றது தான்தான் என்று நினைத்தாள். மேஜையில் தலையை வைத்து அழுதாள்.

ரொசாரியோ சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். அது காய்ந்து சுருங்கியிருந்தது.

"மெஷின் அழிச்சிருச்சுன்னு சொல்லிடுவோம்மா. எழுதியும் போட்டுடறேன். மெஷினுக்கு என்ன பொண்டாட்டி புள்ளயா இருக்கு, வந்து ஏன்னு கேக்கறதுக்கு?"

"அது கேட்டுச்சு சார். நான்தான் காது குடுக்கல."

"நீ மட்டுமா? நாம யாரு குடுத்தோம்? விடு. அந்தப் பெரியவருக்கு எத்தனை வயசு இருக்கும்? இன்னும் எத்தனை அமாவாசை?" சொல்லி முடிப்பதற்குள் தானே வெட்கப்பட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாலைக்குள் மேலிடத்துக்குக் கடிதம் போய்விட்டது. ஏவலின் பிழை என்று எழுதியிருந்தார். டீக்கடைவரை செய்தி பரவியது. ஏவல் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் பூங்கோதை கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. நல்ல யோசனை இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் கிழவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெறும் ஹெட்போனை மாட்டிக்கொள்கிற காட்சியை நினைத்தால், அதைவிட எதுவும் தேவலை என்று பட்டது.

புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்திருந்த பதிவுகளில் இளவழகன் குரல் இருந்தது. முந்தைய பயணங்களில், படகு எங்கே நிற்கிறது, கடல் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னவை. அடிக்கடி திறக்கப்படுகிறவை என்பதால் தப்பித்திருந்தன.

"ஏவல், இந்தக் குரலை எடு. நான் சொல்ற வார்த்தையை இதுல பேச வை. முதல்ல, காத்து கூடிருச்சு, வலைய ஏத்திட்டோம், கரைக்குத் திரும்புறோம்னு. பின்னாடி இரைச்சல் போடு. கடைசியில இரைச்சல் குறைஞ்சு, குரல் தெளிவா வரணும்."

"கடைசியில் என்ன சொல்ல வேண்டும்?"

அதுதான் கேள்வி. பூங்கோதை எழுந்து ஜன்னலருகே நின்றாள். தணிகாசலம் வந்த முதல் வருடமே ஒன்று சொல்லியிருந்தார். அன்று விடியற்காலை அப்பனுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை. மகன் என்னவோ சொல்ல வந்தான். இவர் கத்தி அனுப்பிவிட்டார். அவன் கடைசியாகப் பேசினானே, அதில் தனக்கென்று ஒரு சொல் இருக்காதா என்றுதான் அந்த மனிதர் வருடா வருடம் வருகிறார்.

"அப்பாகிட்ட சொல்லிடுங்க, எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு," என்றாள் பூங்கோதை மெதுவாக. "இதைச் சொல்லணும்."

ஏவல் எழுதியது. பிறகு வழக்கம்போல உரக்கச் சொல்லத் தொடங்கியது. இந்த முறை அவள் குறுக்கிடவில்லை.

"இளவழகனின் பழைய பதிவுகளிலிருந்து அவர் குரலை எடுத்து, அவர் பேசியதாகத் தெரியாத சொற்களை அந்தக் குரலில் உண்டாக்கப் போகிறேன். அவர் காணாமல்போன நாளின் தேதியை அதற்கு இட்டு, நீக்கப்பட்ட உண்மைப் பதிவு இருந்த இடத்தில் வைக்கப் போகிறேன். கேட்கிறவர் இதை உண்மை என்று நம்புவார். போடவா?"

பொய்க்கு ஒரு சட்டை போட்டு அனுப்பலாம் என்றால் இந்தச் சனியன் அதை உரித்துத்தான் காட்டும். பூங்கோதைக்குக் கன்னம் சுட்டது. போகியன்று கேட்காமல் செய்தாள். இன்று முழுக்கக் கேட்டுவிட்டுச் செய்யப் போகிறாள். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போடு," என்றாள்.

மறுநாள் காலை தணிகாசலம் வந்தார். கடலில் முங்கி எழுந்து, தலை துவட்டாமல் வந்திருந்தார். எப்போதும்போல ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டு வந்து மேஜையில் வைத்தார். இந்த முறை சட்டை புதிது. மடிப்பு கலையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் பூங்கோதை கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"மெஷின் என்னமோ கோளாறு பண்ணிருச்சுன்னு டீக்கடையில சொன்னாங்க. பதறிட்டேன் தாயி. எம் புள்ள பத்திரமா இருக்கானா?"

"இருக்கார் ஐயா," என்றாள். "இரைச்சலையும் எடுத்தாச்சு."

ஏவலிடம் சொன்னால் அது அறை முழுக்கக் கேட்கும்படி உண்மையைச் சொல்லிவிடும். அதனால் எத்தனையோ வருடம் கழித்து அவளே கட்டளையைத் தட்டினாள். இரண்டு தடவை பிழை வந்தது. மூன்றாவதில் ஓடியது.

கிழவர் கண்ணை மூடி, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். வலை ஏற்றிய இடத்தில் எப்போதும்போலத் தலையாட்டினார். இரைச்சல் தொடங்கியதும் முன்னால் சாய்ந்தார். பிறகு அவர் உடம்பு ஆடாமல் நின்றது. பூங்கோதை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"கோவம் இல்லன்னுட்டான்," என்றார். சிரித்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "கேட்டியா தாயி? அப்பான்னுட்டான். கோவம் இல்லன்னுட்டான். அன்னிக்கு என்ன சொல்ல வந்தான் தெரியுமா? 'அப்பா, இன்னிக்குக் காத்து சரியில்ல'ன்னு ஆரம்பிச்சான். அவ்வளவுதான். நான் முழுசாக் கேக்கல. பயந்தாங்கொள்ளின்னேன். பேச்ச முடிக்க விடல. போய்ட்டான்."

பூங்கோதை ஹெட்போனை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"இனிமே எனக்கு ஒண்ணுமில்ல. இப்பவே கடக்கரைக்குப் போறேன். இத்தனை வருஷமா விடாத எள்ளுத் தண்ணிய இன்னிக்கு விட்டுடறேன். அவங்கம்மாகிட்டயும் சொல்லணும். பொணத்தப் பாக்காம புள்ள பேருக்குப் படையல் வேணாம்னுட்டா அவ. அவளுக்கும் ஆறும்." அவர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, பூங்கோதையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அந்தக் கும்பிடைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த மனிதர் இப்போது போய்த் தன் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறார். தான் நேற்று ஜன்னலருகே நின்று யோசித்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒப்புக்கொள்ளப் போகிறார்.

"ஐயா, உக்காருங்க," என்றாள்.

சொல்ல வாய் வரவில்லை. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி, ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தாள்.

"ஏவல், ஐயா இப்ப கேட்டதை மறுபடி போடணும்."

ஏவல் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னது. "இளவழகனின் குரலில் நேற்று உண்டாக்கப்பட்ட, அவர் பேசியதாகத் தெரியாத ஒரு பதிவை ஒலிக்கப் போகிறேன். உண்மைப் பதிவு போகிப் பண்டிகையன்று ஆபரேட்டர் பூங்கோதையின் கட்டளைப்படி நீக்கப்பட்டது. போடவா?"

வெளியே ஒரு படகு இன்ஜின் இருமிவிட்டு ஓய்ந்தது. தணிகாசலம் ஒலிபெருக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்லுது இது?"

"நிஜத்தைத்தான் சொல்லுது. உங்க பையன் பேசினது போச்சு ஐயா. நான்தான் அழிச்சேன். மெஷின் இல்ல. அது எச்சரிக்கை பண்ணுச்சு, வருஷா வருஷம் ஒருத்தர் வராரேன்னு சொல்ல வந்துச்சு. நான் முழுசாக் கேக்கல. போடுன்னுட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கோவம் இல்லன்னு சொன்னதும் நான்தான். அவர் சொல்லல. என்னை மன்னிக்கக்கூட வேணாம்."

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் முன்னால் வந்த வெளிச்சம் வடிந்துபோனது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். மடியில் வைத்துச் சதுரமாக மடித்தார்.

"அப்போ, அவன் நெசமா என்ன சொன்னான்னு இனிமே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"இந்தப் புது மெஷினாலயும் முடியாதா?"

"இல்லாததுல இருந்து அதால எடுக்க முடியாதுங்கய்யா."

"யாராலயும் முடியாது."

"முடியாது."

அவர் தலையாட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தின் நூலை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"நீ கேக்காமப் போடுன்னே. நான் கேக்காமப் போன்னேன்," என்றார் கடைசியில். "உன்னத் திட்ட எனக்கு எந்த வாயி இருக்கு?"

அது மன்னிப்பு இல்லை. பூங்கோதைக்கு அது புரிந்தது. மன்னித்திருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"போடவா?" என்று ஏவல் மறுபடி கேட்டது.

"அது எதுக்கு இன்னும் கேட்டுட்டே இருக்கு?"

"பதில் சொல்லணும் ஐயா. போடு, இல்லன்னா வேணாம்னு. நிறுத்திடறேன்."

"இரு." கிழவர் கையை உயர்த்தினார். "முன்னாடி சொன்னத இன்னொரு தடவ சொல்லச் சொல்லு. முழுசா."

ஏவல் சொன்னது. உண்டாக்கப்பட்டது, பேசியதாகத் தெரியாதது, நீக்கப்பட்டது. கிழவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார். பூங்கோதையும் கேட்டாள்.

"பேசியதாகத் தெரியாதுங்குது," என்றார் அவர். "பேசலன்னு அது சொல்லல, பாத்தியா? கோவம் இல்லன்னு அவன் சொல்லலன்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியுமா?"

அவளால் முடியவில்லை. அதை நிரூபிக்கக்கூடிய ஒன்றே ஒன்றையும் அவள்தான் அழித்திருந்தாள்.

"முடியாதுல்ல," என்றார் தணிகாசலம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றினார். "போடு."

ஏவல் அசையவில்லை. ஆபரேட்டரின் குரலுக்குத்தான் அது கட்டுப்படும்.

"நான் சொன்னா கேக்காதா?"

"கேக்காதுங்க. நான் சொல்லணும்."

"அப்போ நீ சொல்லு தாயி. இந்த வருஷமும் சொல்லு, நான் வர்ற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் சொல்லு."

கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். ஏவலும் காத்திருந்தது. எத்தனை ஆயிரம் தடவை யோசிக்காமல் உதிர்த்த வார்த்தை அது! இப்போது நாக்கிலிருந்து கிளம்ப மறுத்தது.

பூங்கோதை சொன்னாள்.